பூவுக்கு வரி போட்ட சீமை

1879-ம் வருஷம் காரைக்காலுக்குப் பக்கத்துல காசாக்குடிங்கற ஊர்ல கொஞ்சம் செப்பேடுகள் கிடைச்சுது. எட்டாம் நூற்றாண்டு சமாச்சாரம். இரண்டாம் நந்திவர்ம பல்லவன் தன்னோட 22-ம் ஆட்சியாண்டுல ஒரு பிராமணருக்கு ஒரு ஊரைத் தானமாக் கொடுத்த பத்திரம் அது. ஏடு கிடைச்சது காரைக்கால் பக்கம்னாலும், தானமாப் போன ஊர் நம்ம பக்கத்து ஊர்தான். தொண்டை நாட்டு ஊற்றுக்காட்டுக் கோட்டத்துல இருந்த கொடுகொள்ளிங்கற ஊர். ஊத்துக்காடு இன்னைக்கும் வாலாஜாபாத் பக்கத்துல இருக்கு. பழைய செங்கல்பட்டு மாவட்டம்.

சரி, செப்பேட்டுல என்ன விசேஷம்?

தானம் வாங்கினவர் எந்தெந்த வரியெல்லாம் கட்ட வேண்டாம்னு நீளமா ஒரு பட்டியல் அதுல இருக்கு. செக்கு, தறி, தரகு, நெய், பருத்தி நூல்னு போயிட்டே இருக்கும். நடுவுல வருது பாருங்க: செங்கொடிக்கு ஒரு பங்கு, கல்லால மரத்துக்கு ஒரு பங்கு. அதுக்கப்புறம் குவளை நட்டா வரி, குவளைப் பூவுல அரசனுக்கு ஒரு பங்கு!

இவருக்கு விலக்குன்னா மத்தவங்க கட்டியிருக்காங்கன்னுதானே அர்த்தம்? ஆக, குளத்துல பூக்கற ஒரு பூவுக்கும், வேலியோரம் கிடக்கற ஒரு மூலிகைக்கும் அரசாங்கம் கணக்கு வச்சிருந்த சீமை இது. (செங்கொடிங்கறது செங்கொடிவேலி, அதாவது சித்திரமூலம் இனம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க.) டாக்டர் சி. மீனாட்சி 1938-ல வெளிவந்த தன்னோட பல்லவர் நூல்ல இந்த மாதிரி வரிகளை எல்லாம் விரிவா எழுதியிருக்காங்க. சென்னைப் பல்கலைக்கழகத்துல பி.எச்.டி. வாங்கின முதல் பெண் அவங்க.

வரி போட்டது நல்லதா கெட்டதாங்கறது வேற கதை. எனக்கு இதுல படறது ஒண்ணுதான். வரி போடணும்னா முதல்ல அந்தச் செடிக்குப் பேர் தெரிஞ்சிருக்கணும். அதுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கணும். இன்னைக்கு நம்ம வீட்டு வாசல்ல தானா முளைக்கற பத்து செடிகள்ல எத்தனைக்கு நமக்குப் பேர் தெரியும்?

இந்தச் சீமையோட பேர்களைக் கொஞ்சம் பாருங்க. செங்கல்பட்டுங்கறது செங்கழுநீர்ப்பட்டுன்னு இருந்து மருவினதுன்னுதான் பரவலாச் சொல்றாங்க. செங்கழுநீர் நிறைஞ்ச ஊர். கொளவாய் ஏரியையும் சுத்தி இருக்கற நூத்துக்கணக்கான ஏரி, குட்டைகளையும் பார்த்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. 1997-ல பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர்னு பிரிச்சப்ப அந்தப் பூவோட பேர் மாவட்டப் பட்டியல்லயிருந்தே காணாமப் போச்சு. 2019 நவம்பர் 29-ம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமானப்பதான் திரும்பி வந்தது. பேர் வந்துடுச்சு. பூ எத்தனை ஏரியில வந்திருக்குன்னு நீங்களே போய்ப் பார்த்துச் சொல்லுங்க. பல ஏரிகள்ல இப்ப மிதக்கறது தென்னமெரிக்காவுல இருந்து வந்த ஆகாயத்தாமரை.

அதுக்கு மேல தொண்டை மண்டலம். இதுவும் கொடியோட பேர்தான். சோழனுக்கும் நாக கன்னிகைக்கும் பிறந்த பிள்ளையைத் தொண்டைக் கொடியை அடையாளமாக் கட்டிக் கடல்வழியா அனுப்பினாங்க, அவன்தான் தொண்டைமான் இளந்திரையன்னு நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்றார். பெரும்பாணாற்றுப்படையோட பாட்டுடைத் தலைவன் அவன்தான். தொண்டைன்னா கோவைக்கொடின்னு சிலர் சொல்வாங்க, ஆதொண்டைன்னு சிலர் சொல்வாங்க. ரெண்டுமே இன்னைக்கும் நம்ம ஊர் வேலிகள்ல படர்ற கொடிதான். கோவைப்பழம் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. ஆதொண்டை கொஞ்சம் முரட்டுக் கொடி. கொக்கி மாதிரி முள்ளு. ஆனா வெயில் ஏற ஆரம்பிக்கற மாசி, பங்குனியில வெள்ளையாப் பூத்து, அப்புறம் மெல்ல ரோஸ் நிறமா மாறும் பாருங்க, பூவுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கற மகரந்தத் தாளோட... ஒரு ராஜ்யத்துக்கே பேர் வைக்கற அளவுக்கு அழகுதான்.

அப்புறம் பல்லவர். பல்லவம்னா வடமொழியில தளிர். அமராவதியில கிடைச்ச ஒரு கல்வெட்டு, அந்த வம்சத்தோட முதல் ஆளைக் குழந்தையா இருக்கறப்ப தளிர்ப் படுக்கையில கிடத்தினாங்க, அதனால பல்லவன்னு பேர் வந்துதுன்னு கதை சொல்லுது. கதை கதையாவே இருக்கட்டும். ஊருக்கு ஒரு பூ, நாட்டுக்கு ஒரு கொடி, ராஜாவுக்கு ஒரு தளிர்.

இப்ப வசந்தத்துக்கு வருவோம். இங்கிலீஷ் புத்தகம் படிச்சுட்டு ‘ஸ்பிரிங்’ங்கறதை மார்ச்சு மாசத்துல தேடினா நம்ம கடலோரத்துல ஏமாத்தம்தான். இந்தப் பக்கம் வசந்தம் ரெண்டு தவணையா வருது.

முதல் தவணை, வடகிழக்குப் பருவமழை பெஞ்சு ஓயறப்ப. ஐப்பசி, கார்த்திகை மழையில தரை நனைஞ்சதும் சின்னச் செடிங்கல்லாம் ஒண்ணா எழுந்துக்கும். கார்த்திகையில வேலி மேல செங்காந்தள் (இதுதான் நம்ம மாநிலப் பூ. கிழங்கு கொடிய விஷம், குழந்தைங்க இருக்கற வீட்ல ஜாக்கிரதை). மார்கழி, தை மாசத்துல வெள்ளை வெளேர்னு தும்பை. தரையோட தரையா நீலப் பொட்டு வச்ச மாதிரி விஷ்ணுகிரந்தி. வயல்வரப்புத் தண்ணியில நீர்முள்ளி. வெறும் மண்ணுல பஞ்சு பஞ்சாச் சிறுபீளை. பொங்கலுக்குச் சிறுபீளையையும் ஆவாரம்பூவையும் வேப்பிலையோட சேர்த்துக் கட்டற வழக்கம் தமிழ்நாட்டுல பல பக்கம் இருக்கு. அந்த நாள்ல பூத்திருக்கற பூவைத்தான் நம்ம முன்னோர் பண்டிகையில வச்சாங்க, அவ்வளவுதான் ரகசியம்.

ரெண்டாம் தவணை மரங்களோடது. மழைத்தண்ணி வத்தி, சின்னச் செடிங்க காய்ஞ்சு விதையான பிறகு, ஆழமா வேர் விட்ட மரங்க ஆரம்பிக்கும். பங்குனியில வேம்பு, புங்கை. புங்கம்பூ கொட்டிக் கிடக்கற தெருவுல நடந்தா பொரி மேல நடக்கற மாதிரி இருக்கும். சித்திரையில சரக்கொன்றை. அச்சிறுபாக்கம் ஆட்சீஸ்வரர் கோயில்ல தல விருட்சமே சரக்கொன்றைதான்.

எங்க தெருவுக்கு வாரத்துல ரெண்டு நாள் கீரை கொண்டு வர்ற ஆயா ஒருத்தர் இருக்காங்க. கூடையில அரைக்கீரை, முளைக்கீரையோட ஓரமா ஒரு கட்டு முசுமுசுக்கையோ முடக்கத்தானோ இருக்கும். “இதெல்லாம் பயிர் பண்றீங்களா ஆயா?”ன்னு ஒருநாள் கேட்டேன். “அதை யாருப்பா பயிர் பண்றா? அது தானா கிடக்கும். பேரு தெரிஞ்சவ பறிச்சுக்கறா, தெரியாதவ மிதிச்சுட்டுப் போறா”ன்னாங்க. அவங்க மகளுக்கு இதுல பாதிப் பேர்தான் தெரியுமாம். பேத்தி சென்னையில கம்ப்யூட்டர் படிக்குது.

இந்தப் பேர் விஷயம் சாதாரணமானது இல்லைங்க. முன்னூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் இதை மெனக்கெட்டு எழுதி வச்சிருக்கார். சாமுவேல் பிரௌன்னு ஒரு டாக்டர். 1690-கள்ல புனித ஜார்ஜ் கோட்டையில கம்பெனி சர்ஜனா இருந்தவர். மனுஷனோட கதையில ஒரு சோகமும் உண்டு. 1693-ல கவுன்சில் மெம்பர் ஜேம்ஸ் வீலருக்கு இவர் கொடுத்தனுப்பின மருந்து, முன்னாடி பாஷாணம் இடிச்ச கல்வத்துல தயாரானதுன்னு தெரியாமப் போய், வீலர் இறந்துட்டார். வழக்கு நடந்து பிரௌன் விடுதலை ஆனார். வீலரோட உடம்பைப் பரிசோதனை செஞ்ச எட்வர்ட் பல்க்லிதான் பின்னாடி பிரௌனைத் தொடர்ந்து செடி சேகரிச்சு அனுப்பினவர்.

பிரௌன் மதராஸைச் சுத்தியிருக்கற காடு மேடெல்லாம் செடிகளைச் சேகரிச்சு, காய வச்சு, உள்ளூர்ப் பேரையும் என்ன மருந்துக்கு ஆகும்ங்கறதையும் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அங்க ஜேம்ஸ் பெட்டிவர்னு ஒரு மருந்துக்கடைக்காரர் அதை 1698-லயிருந்து ராயல் சொசைட்டியோட சஞ்சிகையில பகுதி பகுதியா வெளியிட்டார். அதுல ‘மலபார்’ பேர்னு போட்டிருக்கும். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழைத்தான் மலபார்னு சொன்னாங்க. லின்னேயஸ் தாவரங்களுக்கு ரெட்டைப் பேர் வைக்கறதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடியே நம்ம வேலியோரத்துச் செடிகளோட தமிழ்ப் பேர் லண்டன்ல அச்சாயிடுச்சு! பெட்டிவர் 1718-ல இறந்ததும் அவரோட சேகரிப்பை ஹான்ஸ் ஸ்லோன் வாங்கினார். அந்தக் காய்ஞ்ச செடிங்க இப்பவும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல பத்திரமா இருக்கு.

பிரௌனுக்குப் பேர் சொன்னவங்க யாரு? நம்ம ஆயா மாதிரி உள்ளூர்க்காரங்கதானே. அவங்க சொல்லலைன்னா அந்தப் பேரும் மருந்தும் கடல் தாண்டியிருக்காது.

கொஞ்சம் கடற்கரைப் பக்கம் போவோம். கோவளத்துல இருந்து மாமல்லபுரம் வரைக்கும் மணல்மேட்டுல ஊதா நிறத்துல ஒரு பூ படர்ந்து கிடக்கும், பார்த்திருப்பீங்க. அடும்பு. இப்ப அடப்பங்கொடின்னு சொல்றோம். சங்கப் பாட்டுல நெய்தல் திணைன்னா இந்தக் கொடி வந்துடும். ரெண்டாப் பிளந்த அதோட இலையை மானோட குளம்புக்கு ஒப்பிட்டார் ஒரு குறுந்தொகைப் புலவர். 1753-ல லின்னேயஸ் அதே இலையைப் பார்த்துட்டு வச்ச லத்தீன் பேர் ‘பெஸ் கேப்ரே’. அப்படின்னா ஆட்டுக்கால். அவங்களுக்கு ஆடு, நமக்கு மான் :) இடையில பல நூற்றாண்டு இருந்தாலும் கண்ணு ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கு.

அடும்பும், உருண்டு உருண்டு ஓடற முள்பந்து மாதிரி காயுள்ள ராவணன் மீசையும் சும்மா அழகுக்கு இல்லை. மணலைப் பிடிச்சு நிறுத்தறது இதுங்கதான். ஓடுற மணல்ல தண்டு புதையப் புதைய, கணுவுக்குக் கணு வேர் விட்டு மேல ஏறும். அப்படியே மணல்மேடு உயரும். மணல்னா என்ன பண்ணும்ங்கறதுக்கு மாமல்லபுரமே சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்து போனப்ப சாளுவன்குப்பத்துல ஒரு பாறையில இருந்த கல்வெட்டு வெளியே தெரிஞ்சுது. அதைப் பிடிச்சுக்கிட்டு 2005-ல தொல்லியல் துறை தோண்டினா, மணலுக்கடியில முழுசா ஒரு செங்கல் முருகன் கோயிலே இருந்தது. ஒரு கோயிலையே மூடற மணல், வீட்டை மூடாதா? பீச் ஹவுஸ் கட்டறப்ப முதல் வேலையா அடும்பை வழிச்சுட்டு, மணல்மேட்டைச் சமன் பண்ணி, புல்வெளி போடறாங்க. அந்தப் புல்லுக்கு தினம் நல்ல தண்ணி வேணும். அடும்புக்கு ஒரு சொட்டுகூட ஊத்த வேண்டாம்.

புன்னையும் அப்படித்தான். உப்புக் காத்துக்கு அசராத மரம். வெள்ளைப் பூ, நல்ல நிழல், கொட்டையில விளக்கெண்ணெய் மாதிரி விளக்கெரிக்க எண்ணெய். திருவிடந்தைப் பெருமாள் கோயில்ல தல விருட்சம் புன்னை. கோயில் இருக்கறதால மரமும் இருக்கு.

அப்ப எங்க, எப்ப மாறிச்சு? இதுக்கு ஒரு சொல்லையே சாட்சியாச் சொல்லலாம்: புறம்போக்கு. வரிக்கணக்குக்குப் புறமா விட்ட நிலம்ங்கறதுதான் அர்த்தம். மேய்ச்சல், ஏரிக்கரை, வண்டிப்பாதை, சுடுகாடு, தோப்புன்னு ஊர்ப் பொதுவுக்கான இடம். 1763-ல நவாப் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீரா கம்பெனிக்குக் கொடுத்தார். 1767-லயிருந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுங்கற எஞ்சினியர் சுமார் 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதுல விளைநிலத்தோட ஏரி, தோப்பு, காடு, மலையெல்லாமும் கணக்குல வந்தது. ஆனா வருமானத்தை மட்டுமே பார்த்த நிர்வாகத்துக்குக் காலப்போக்குல நெல்லு விளையாத இடமெல்லாம் ‘வீண் நிலம்’ ஆச்சு. பூவுக்கும் பங்கு கேட்ட சீமையில, பூ பூக்கற நிலமே ஒண்ணுக்கும் ஆகாததுன்னு ஆயிடுச்சு. இன்னைக்குப் புறம்போக்குங்கறது திட்டற வார்த்தை.

வீண் நிலத்தை நிரப்ப வெளிநாட்டு ஆளுங்க வந்தாங்க. மதராஸ் விறகுக்கும் ரயில் எஞ்சினுக்கும்னு கடலோரம் முழுக்கச் சவுக்கு. 1877 வாக்குல, அதே விறகுத் தேவைக்காக அமெரிக்கக் கண்டத்துச் சீமைக்கருவேலம். அது இப்ப ஏரிக்கரை, தரிசு எல்லாத்தையும் பிடிச்சுக்கிச்சு. ஒரு நியாயமும் சொல்லணும். வந்தது எல்லாமே வில்லன் இல்லை. மாமல்லபுரம் மணல்ல காட்டுப்பூ மாதிரியே பூத்துக் கிடக்கற நித்தியகல்யாணி மடகாஸ்கர்க்காரி. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கொடுத்தவ. வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைக்கற கிணத்தடிப் பூண்டும் அமெரிக்காவுல இருந்து வந்ததுதான். ரெண்டுக்கும் நாம தமிழ்ப் பேர் வச்சு வீட்டுக்குள்ள சேர்த்துக்கிட்டோம். வெளியூர்க்காரி வந்தது பிரச்னை இல்லை. அவ வந்ததும் வீட்டுக்காரி பேர் மறந்து போனதுதான் பிரச்னை.

நல்லது நினைச்சவங்களும் இருந்திருக்காங்க. வேடந்தாங்கல்ல பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு தெரிஞ்ச விவசாயிங்க, பறவைகளைச் சுடக்கூடாதுன்னு கேட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட 1798-லயே உத்தரவு வாங்கினாங்க. பறவை மட்டுமா பிழைச்சுது? அது கூடு கட்டற நீர்க்கடம்பும் பிழைச்சுது. 1929-ல பி.வி. மாயூரநாதன், சென்னை அருங்காட்சியகத்துக்காக நகரத்துலயும் சுத்துப்புறத்துலயும் பூக்கற செடிகளைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். 1937-ல கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தப்ப, எட்வர்ட் பார்ன்ஸ்ங்கற வேதியியல் பேராசிரியர் அந்தப் புதர்க்காட்டை வெட்டிப் பூங்கா ஆக்காம, காடாவே வளர விட்டார். அதே கல்லூரியில புள்ளியியல் பேராசிரியரா இருந்த கிஃப்ட் சிரோமணி, ஒரு பக்கம் மாமல்லபுரச் சிற்பங்களோட ஆடை, நகைகளை ஆராய்ஞ்சார், இன்னொரு பக்கம் சுத்தியிருக்கற செடி கொடியையும் கவனிச்சார். திருக்கழுக்குன்றம் பக்கம் தண்டரையில இருளர் பெண்கள் 1986-ல ஒரு சங்கம் ஆரம்பிச்சு மூலிகை நாற்றங்கால் வச்சாங்க. தலைமுறை தலைமுறையா அவங்ககிட்ட இருந்த அறிவு, அவங்களுக்கே பிழைப்புமாச்சு.

இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. செடியை அதோட பேரைச் சொல்லிக் கூப்பிடத் தெரிஞ்சவங்க.

இப்ப கூடுவாஞ்சேரியில இருந்து செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம் வரைக்கும் பிளாட் போடற வேகம் உங்களுக்கே தெரியும். மனை போடறவங்க முதல் நாளே புல்டோசரை விட்டு வழிச்சுடறாங்க. ஏரியையும் காட்டையும் தனியாளா நாம காப்பாத்த முடியாம இருக்கலாம். ஆனா அந்த முப்பதுக்கு நாப்பது மனையில சுவரோரமா ரெண்டடி நம்ம கையில இருக்கே? அதுல சிமெண்ட் போடாம விட்டா போதும். ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்க. மண்ணுக்குள்ள தூங்கற விதைங்க தானா வரும். தும்பை வந்தா விடுங்க. குப்பைமேனி வந்தா விடுங்க. எருக்கு வந்தாலும் ஒண்ணு இருக்கட்டும். ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஒண்ணு அதுலதான் முட்டை வைக்கும். வேலியில கம்பிக்குப் பதிலா ஆவாரை வைங்க, மஞ்சள் பூச்சிங்க தேடி வரும். இடம் இருந்தா ஒரு சரக்கொன்றை, கடல் பக்கம்னா ஒரு புன்னை. பார்த்தீனியம், சீமைக்கருவேலம் வந்தா மட்டும் சின்னதா இருக்கறப்பவே வேரோட எடுத்துடுங்க.

முக்கியமா, பிடுங்கறதுக்கு முன்னாடி பேர் கேளுங்க. பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட, கீரைக்கார ஆயாகிட்ட, ஆடு மேய்க்கறவர்கிட்ட. அவங்க சொல்ற பேரை ஒரு நோட்டுல, எந்த மாசம் பூத்ததுங்கறதையும் சேர்த்து எழுதி வைங்க. பிரௌன் செஞ்சதும் அதேதான். ஒரே வித்தியாசம், அவர் எழுதினதைப் பார்க்க லண்டன் போகணும். உங்க நோட்டை உங்க பேத்தி வீட்டுலயே பார்த்துக்கலாம்.

நான் ஐப்பசியில ஆரம்பிச்ச நோட்டுல இதுவரைக்கும் நாப்பத்தோரு பேர் சேர்ந்திருக்கு. அதுல பத்தொன்பது அந்த ஆயா சொன்னது. அடுத்த செவ்வாய்க்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்காங்க. சுவரோரம் புதுசா ஒண்ணு மொட்டு விட்டிருக்கு, கேக்கணும்.